கூடையில் இருக்கும் கரண்டி

அன்பு மகனுக்கு,

நாளைக் காலை நீ லப்டொப்பைத் திறக்கும்போது இந்தக் கடிதம் திரையில் திறந்தபடியே இருக்கும். உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் மனைவி ஷாமினி முதலில் எழும்பினால் அவளே வாசிக்கட்டும். நான் மூடி வைத்திருப்பதாக நினைத்த ஒரு விஷயம் இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்திருக்கிறது. அது தெரிந்த பிறகு மூடி எழுதுவதில் அர்த்தமில்லை. அம்மா ஏன் கையால் எழுதவில்லை என்று நீ யோசிப்பாய். உன் பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிய லீவுக் கடிதங்களை ஆசிரியர்கள் வகுப்பில் தூக்கிக் காட்டுவார்கள் என்று வெட்கப்பட்டுக்கொண்டு வந்து சொல்வாயே, அந்தக் கையெழுத்து இப்போது என்னிடம் இல்லை.

தலையாய விஷயத்தை முதல் பந்தியிலேயே சொல்ல வேண்டும் என்று கொழும்புக் கோட்டையில் நான் வேலை செய்த கப்பல் கம்பனி ஒபிஸில் எனக்குப் பழக்கியிருந்தார்கள். இரண்டாம் பந்திக்கு வந்துவிட்டேன், மன்னித்துக்கொள். என் வலது கை நடுங்குகிறது. சும்மா வைத்திருக்கும்போது அதிகம், ஒன்றைப் பிடித்தால் கொஞ்சம் குறைவு. டொக்டரிடம் தனியாகப் போனேன். பார்க்கின்சன் என்றார். ஆரம்பம்தான், பல வருடங்கள் ஒழுங்காக நடமாடலாம் என்றும் சொன்னார். மாத்திரை தொடங்கிவிட்டேன். அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது. உனக்கும் ஷாமினிக்கும் மெல்பேர்ன் விசா வந்த அதே கிழமையில்தான் இதுவும் எனக்குத் தெரிய வந்தது. சொன்னால் நீ போகமாட்டாய். அதனால்தான் சொல்லவில்லை. டிக்கட்டை இன்றைக்கு வாங்குவோம், நாளைக்கு வாங்குவோம் என்று நீ தள்ளிக்கொண்டே போகிறாய். விலை குறையட்டும் என்கிறாய். காரணம் விலை இல்லை என்று எனக்கு இப்போது தெரியும். எப்படித் தெரியும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், கை நடுங்குகிறவர்கள் சிந்தாமல் சாப்பிடுவதற்கென்று கரண்டி விற்கிறார்களா என்று இந்த லப்டொப்பில் தேடினேன். பிடி தடித்துப் பாரமாக இருக்கும் ஒரு கரண்டி. அப்படி ஒன்று இருப்பதாக டொக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்த ஒரு பெண் சொன்னார். எத்தனையோ கடைகள். ஒவ்வொரு பக்கத்துக்குள் நுழையும்போதும் ஒரு பெட்டி வந்து நின்றது. உங்கள் தனியுரிமையை நாங்கள் மதிக்கிறோம், எங்கள் குக்கிகளை ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்டது. கீழே பச்சை நிறத்தில் கொழுத்த எழுத்தில், எல்லாவற்றையும் ஏற்கிறேன். கொன்வென்ட்டில் எங்களை எப்படி வளர்த்தார்கள் என்று உனக்குத் தெரியும். ஒருவர் மரியாதையாகத் தட்டை நீட்டினால் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பக்கூடாது, ஒன்றையாவது எடுத்து நன்றி சொல்ல வேண்டும். போகிற பக்கமெல்லாம் நான் எடுத்தேன். மறுத்தால் கடைக்காரர் குறை நினைப்பார் என்பது போல எடுத்தேன். ஒரு பக்கத்தில் அந்தப் பெட்டியைப் பார்த்து வாய்விட்டு நன்றி சொன்னதாகக்கூட ஞாபகம்.

பிறகு தடயத்தை அழித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் டிரெக்டரின் அந்தரங்கச் செயலாளராக இருந்தவளுக்கு அது தெரியாதா என்ன. ஹிஸ்டரியை அழிக்கும் இடத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே சில கட்டங்களில் சரி அடையாளம் போட்டிருந்தது. போய்ப் பார்த்த பக்கங்களின் பட்டியல் ஒரு கட்டம். குக்கிகள் இன்னொரு கட்டம். அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இதை அழித்தால் பெரும்பாலான தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள் என்று எழுதியிருந்தது. நீ வந்து மின்னஞ்சலைத் திறக்கும்போது அது கடவுச்சொல் கேட்டால், யார் இதைத் தொட்டது என்று கேட்பாய். எனவே கவனமாக அந்தக் கட்டத்திலிருந்த அடையாளத்தை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் அழித்தேன். மூளை நன்றாக வேலை செய்கிறது என்று அப்போது என்னையே மெச்சிக்கொண்டேன்.

அந்தக் கிழமையே ஒரு பின்னேரம் நீயும் ஷாமினியும் இந்த மேசையில் உட்கார்ந்து டிக்கட் விலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஹோலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"மாமி, இதென்ன கரண்டி?" என்று ஷாமினி சிரித்தாள். "பிடி பொலிஸ்காரன்ட பொல்லு மாதிரி இருக்கு."

எழும்பி வந்து பார்த்தேன். சிங்கப்பூர் வழியாகப் போகும் விமானத்துக்குப் பக்கத்தில் நான் பார்த்த அதே கரண்டி, அதே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பிடியோடு விளம்பரமாக நின்றது.

"அம்மா, நீங்க ஏதும் தேடினனீங்களா?" என்று கேட்டாய்.

"எனக்கேன் கரண்டி? அலுமாரி நிறைய இருக்கு. மேர்சி பார்க்கச் சொன்னவ."

"மேர்சி அன்ரியா? அவ ஒரு கையால கேக் மாக் குழைக்கிறவ."

"வயசு போனா எல்லாருக்கும்தான்," என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினேன். நடுங்குகிற கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். பேப்பர் அசைந்ததா என்று இன்றைக்கும் தெரியவில்லை. கடற்பக்கம் ரயில் போனது. அதனால் அசைந்தது என்று நீ நினைத்திருப்பாய் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கரண்டி நிற்கவில்லை. நீ செய்தி வாசித்தால் செய்திக்கு நடுவில் வந்தது. ஷாமினி சமையல் குறிப்புப் பார்த்தால் வட்டிலப்பத்துக்குக் கீழே வந்தது. யாராவது லப்டொப்பைத் திறந்தால் நான் குசினிக்குள் போய்விடுவேன். ஞாயிற்றுக்கிழமை ப்ரைட் ரைஸை நான் கையால் சாப்பிட்டபோது ஷாமினி என்ன சொன்னாள் என்று ஞாபகமா? "மாமி, ப்ரைட் ரைஸைக் கையால தொடக்கூடாது எண்டு கல்யாணம் முடிச்ச புதுசில எனக்குப் பாடம் எடுத்தது நீங்கதானே." அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நீ சிரிக்கவில்லை. என் தட்டைப் பார்த்தாய், பிறகு உன் தட்டைப் பார்த்தாய். அந்தப் பார்வையை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். என்னைக் காட்டிக்கொடுத்த இயந்திரத்தின் மேல் இருந்த கோபத்தில் உன்னை நான் பார்க்கவில்லை.

கோபம் தாங்காமல்தான் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். மேர்சியும் நானும் ஒரே கொன்வென்ட், ஒரே வகுப்பு. நான் கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்தேன், அவள் பிறந்த தெருவிலேயே இருந்துவிட்டாள். அவள் இப்போது லவ் கேக் செய்து இன்டர்நெட்டில் விற்கிறாள் என்பதும், சல்லி கட்டி விளம்பரம் போடுகிறாள் என்பதும் உனக்குத் தெரியும். விளம்பரம் போடுகிறவளுக்கு விளம்பரத்தின் குணம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன்.

"ஒரு கரண்டி என்னைத் துரத்துது," என்றேன்.

"கரண்டியா? விளக்குமாறு எண்டாலும் ஒரு நியாயம் இருக்கு," என்றாள். பிறகு நான் கரண்டி தேடிய கதையைக் கேட்டுவிட்டு, "எல்லாத்தையும் ஏற்கிறேன் எண்டு குத்தினியா?" என்றாள்.

"மரியாதையாகக் கேட்டது."

"சிஸ்டர்மார் உன்னைப் பழுதாக்கிப்போட்டினம். இஞ்ச பார். நீ ஒரு கடைக்குள்ள போறாய். வாசல்ல ஒருத்தன் உனக்குத் தெரியாம உன்ட முதுகில ஒரு நம்பர் ஒட்டுறான். அவன் கடைக்காரன் இல்லை, கடைக்காரன் உள்ள விட்ட ஆள். காலி வீதி நெடுக எல்லாக் கடை வாசல்லயும் அவன்ட ஆக்கள் நிக்கினம். நீ அடுத்த கடைக்குப் போனா, ஆ, கரண்டிக்காரி வாறா எண்டு கரண்டியைத் தூக்கி முன்னுக்கு வைக்கினம். அந்த நம்பர்தான் குக்கி."

"அவனுக்கு என்ட பேர் தெரியுமா?"

"பேர் அவனுக்கெதுக்கு? கை நடுங்குது எண்டு தெரிஞ்சாப் போதாதோ?"

நான் அவளிடம் என் கையைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்து அதன் வாரை இறுக்கிப் பிடித்தபடிதான் உட்கார்ந்திருந்தேன். அவள் தேநீரை முக்கால் கோப்பை மட்டும் ஊற்றி எனக்குப் பக்கத்தில் வைத்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சோசர் வைக்கவில்லை. சோசர் இருந்தால் சத்தம் கேட்கும்.

குக்கி என்றால் பிஸ்கட்தானே என்று மேர்சி சொன்னபோது எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. உனக்கு ஆறு வயது இருக்கும். வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று நாங்கள் பொலிஸில் எழுதிப் பதிந்து கொடுக்க வேண்டியிருந்த யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உன் அப்பாவின் தம்பி பின்னறையில் இருந்தார். அவருடைய பெயரை இன்னும் பதியவில்லை. சரிபார்க்கப் பொலிஸிலிருந்து ஒருவர் வந்தார். நல்ல மனிதர், உரத்துக் கதைக்கவில்லை. தேநீரும் பிஸ்கட்டும் வைத்தேன். தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உன்னிடம் நீட்டி, "மல்லி, கெதர கவுத இன்னே?" என்று சிரித்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டதும், நீ பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு சித்தப்பாவின் பெயர், வந்த நாள், அவர் குறட்டை விடுவது வரை சொன்னாய். சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துவிட்டு மறுநாள் பின்னேரம் விட்டார்கள். அந்த ஒரு நாள் நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியாது. உன்னை நான் ஏசியபோது நீ அழவில்லை. "அந்த அங்கிள் வடிவாக் கேட்டவர், பிஸ்கட்டும் தந்தவர்," என்று மட்டும் சொன்னாய். கேட்டதற்கு மட்டும் பதில், அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை என்று அன்றைக்கு உனக்குப் பழக்கினேன். பல வருடம் காவலரண்களில் நாங்கள் அப்படித்தான் கதைத்தோம். அதையெல்லாம் பழக்கியவள்தான் இந்த வயதில் தட்டு நீட்டிய எல்லாரிடமும் பிஸ்கட் வாங்கியிருக்கிறேன்.

போக எழும்பியபோது மேர்சி இன்னொன்று கேட்டாள். "உனக்கெண்டு ஒரு போன் இருக்கு. பூட்டும் போட்டு வச்சிருக்கிறாய். பிறகேன் அவன்ட லப்டொப்பில தேடினனீ?"

"போன்ல எழுத்துச் சின்னன்."

"அது பொய்," என்றாள்.

நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். கேக் பொதியைக் கூட எடுக்கவில்லை. பஸ்ஸில் மருதானை தாண்டும்வரைக்கும் அவளோடு மனதுக்குள் சண்டை பிடித்தேன். அதற்குப் பிறகு சண்டை பிடிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் சொல்லித் தந்தபடி செய்தேன். நீயும் செய், போகிற இடத்திலும் செய். இந்தப் பெட்டிகள் அங்கேயும் வரும். செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போனால், மூன்றாந்தரப்புக் குக்கிகளைத் தடுக்க ஓர் இடம் இருக்கிறது. வாசலில் நம்பர் ஒட்டுகிற ஆட்கள் அவர்கள்தான். தடுத்துவிட்டேன். எந்தெந்தத் தளம் எதை வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று பட்டியலாகப் பார்க்கலாம். எனக்கு வேண்டாததை ஒவ்வொன்றாக அழித்தேன், கரண்டி விற்ற கடையினுடையதையும் அழித்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்க வேண்டியதில்லை. உன் மின்னஞ்சல் உன்னை அடையாளம் காண்பதும், கடையில் நீ எடுத்து வைத்த சாமான் கூடையிலேயே இருப்பதும் குக்கியால்தான். அவை வேலைக்காரக் குக்கிகள், இருக்கட்டும். இனிமேல் பெட்டி வந்தால் பச்சையைத் தொடாதே. மறுக்கிற பொத்தான் சாம்பல் நிறத்தில் ஒரு மூலையில் கிடக்கும், சில இடங்களில் 'தெரிவுகளை நிர்வகி' என்பதற்குள் போய்த்தான் எடுக்க வேண்டும். தேடி எடு. மறுத்தாலும் அநேகமான பக்கங்கள் திறக்கத்தான் செய்கின்றன. கேட்ட விதம் மரியாதை போலத் தெரிந்தாலும், ஏற்கிறதைப் பெரிதாகவும் மறுக்கிறதைச் சிறிதாகவும் வைத்துக் கேட்கிறவன் உண்மையில் கேட்கவில்லை.

கரண்டி போய்விட்டது. செய்தியில் இல்லை, வட்டிலப்பத்துக்குக் கீழே இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். ஆனால் நீ வேறு மாதிரி ஆகிவிட்டாய். வேலையால் நேரத்துக்கு வந்தாய். என் கோப்பையை நீயே வாங்கி மேசையில் வைத்தாய். கேத்தலை நான் தூக்க முன் நீ தூக்கினாய். மெல்பேர்ன் என்ற பேச்சு இந்த வீட்டில் இல்லாமல் போனது. ஷாமினி ஒருநாள் டிக்கட்டைப் பற்றிக் கேட்டாள். "பார்ப்பம்," என்றாய். அவள் முகம் வாடியதை நான் பார்த்தேன். அங்கே வேலையில் சேர அவளுக்குத் தந்த தவணை முடியப்போகிறது என்பது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே.

நேற்று மேசை விரிப்பு ஒன்று பார்ப்பதற்காக அதே கடையின் பக்கத்தைத் திறந்தேன். பெட்டி வந்தது, மறுத்தேன். மேலே மூலையில் கூடையின் படத்துக்குப் பக்கத்தில் ஒன்று என்ற இலக்கம் நின்றது. நான் அந்தக் கடையின் குக்கியை என் கையாலேயே அழித்தவள். என் பங்குக்கு அந்தக் கூடை வெறுமையாக இருக்க வேண்டும். திறந்தேன். கரண்டி. நான் பார்த்த சாம்பல் நிறப் பிளாஸ்டிக் இல்லை. பிடியும் சில்வரில், மெல்லிய வேலைப்பாட்டோடு, ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைத்தால் மற்றக் கரண்டிகளோடு வித்தியாசம் தெரியாத ஒன்று. அந்தக் கடையில் அப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரியாது. நீ நிறையத் தேடியிருக்கிறாய். வாங்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. கூடையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

நான் உனக்கு ஒளித்தேன், நீ எனக்கு ஒளித்திருக்கிறாய். ஒரே மேசையில், ஒரே லப்டொப்பில். மேர்சி கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன், அவளுக்கில்லை, உனக்கு. போனில் எழுத்துப் பெரிதாக்கலாம். அது எனக்குத் தெரியும். நீ காண வேண்டும் என்று என்னில் ஒரு பாதி விரும்பியிருக்க வேண்டும். வாயைத் திறந்து கேட்கும் தைரியம் இல்லாதவள் உன் வழியில் ஒன்றைப் போட்டுவிட்டு ஹிஸ்டரியை அழித்தேன். நீ நின்றுவிட்டால் நான் கேட்டதாக இருக்காது, நீ போனால் நான் தடுத்ததாகவும் இருக்காது. இது நேர்மையில்லை. இப்படி ஒரு வேலையை ஒபிஸில் ஒரு பெண் செய்திருந்தால் அவளைக் கூப்பிட்டுக் கதைத்திருப்பேன்.

ஆனால் நீயும் எனக்கு ஒன்று செய்கிறாய். உன் வாழ்க்கையை எனக்காக நிறுத்தி வைத்துவிட்டு, அதை என்னிடம் கேட்கவில்லை. சொல்லாமலே நின்றுவிட்டால் நான் ஏற்றுக்கொண்டதாக எழுதிக்கொள்வாய். மறுக்கிற பொத்தான் எனக்கு எங்கே இருக்கிறது, மகன்? ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில்கூட நீ வைக்கவில்லை. ஷாமினிக்கும் வைக்கவில்லை. அவளிடம் விலை என்று சொல்கிறாய்.

எனவே நீ கேட்காத கேள்விக்குப் பதில் தருகிறேன். நீ இங்கே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அது உண்மை. அந்த ஆசைக்கு உன்னை எடுத்துக்கொள்ள நான் சம்மதிக்கவில்லை, அதுவும் உண்மை. இரண்டையும் ஒரே அளவு எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன், பார். இன்றைக்கு மேர்சிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தன் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு இங்கே வந்து இருக்கலாம் என்று சொல்கிறாள். அவளோடு ஒரு கிழமைக்கு மேல் சண்டை இல்லாமல் இருப்பேனா தெரியாது, ஆனால் அவள் என் கோப்பையைக் கேட்காமலே முக்கால் மட்டும்தான் நிரப்புவாள். டொக்டரிடம் அடுத்த முறை போகும்போது நீ கூட வா. உன் கேள்விகளை அவரிடம் கேள், எனக்கு முன்னால் கேள். அதற்குப் பிறகும் நிற்க வேண்டும் என்று நீயும் ஷாமினியும் சேர்ந்து முடிவெடுத்தால், அதை என் முகத்துக்கு நேரே சொல். நான் ஏற்கிறேனா மறுக்கிறேனா என்று அப்போது சொல்வேன்.

கூடையை நான் அழிக்கவில்லை. சில்வர்தான் நல்லது. பிளாஸ்டிக் வாங்கியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இன்றைக்கே வாங்கு, அதோடு உன் டிக்கட் பக்கத்தையும் திற.

நீ இதை வாசித்து முடிக்கும்போது நான் குசினியிலிருந்து உனக்குத் தேநீர் கொண்டு வருவேன். கோப்பை, சோசர் இரண்டோடும், ஒரு கையால். சத்தம் கேட்கும், கொஞ்சம் சிந்தவும் செய்யும். எழும்பி வந்து வாங்காதே. திரையைப் பார்ப்பது போல இருக்கவும் வேண்டாம். நான் மேசைக்கு வந்து சேரும்வரை என்னைப் பார்த்துக்கொண்டிரு.

உன் அம்மா